தூளியில் நானூறு கிராம்

கரும்பு அரைக்கிற நாளில் பாகும் அரைக்காத நாளில் புளித்த சக்கையும் மணக்கிற அந்த ஆலைக் குடியிருப்பில், ஐப்பசியின் முதல் மழை விழுந்த மறுநாள் விடியலிலிருந்து தை மாதக் கடைசி நாளின் பொழுது சாய்கிறவரை பாம்புகள் கண்ணுக்குத் தெரியும், மற்ற மாதங்களில் தெரியாது. தெரியாது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும், கழற்றிப்போட்ட செருப்புக்குள் இருக்கும், ஓட்டு வீடுகளின் கைமரத்தில் சுற்றிக்கொண்டு கீழே நடப்பதையெல்லாம் பார்த்தபடி இருக்கும், கண்ணில் மட்டும் படாது. எந்தக் காலத்திலிருந்து இப்படி என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை, குழாய்த் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்காததைப் போல.

வருஷத்தைத் தெரிகிற மாசம், தெரியாத மாசம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்தார்கள். பெண் கொடுப்பவர்கள் தெரிகிற மாசத்தில்தான் வந்தார்கள், மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததும் மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையையும் பார்த்தார்கள், "உங்க வீட்டுல என்னென்ன இருக்குது?" என்று கேட்டார்கள், "ரெண்டு சாரை இருக்குது, தண்ணித்தொட்டிகிட்ட ஒரு நல்லது இருக்குது, அது யார் வம்புக்கும் வராது" என்று இவர்கள் சொன்னார்கள், பிறகு எல்லோரும் காபி குடித்தார்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவதும் தெரிகிற மாசத்தில்தான். தெரியாத மாசத்தில் பெரியவர் சிறியவர் எல்லோரும் பாம்பு கேட்டு விலகட்டும் என்று கையைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள், ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தட்டிக்கொண்டே போனார்கள், புதிதாக வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் ஊரே கூடி யாரையோ பாராட்டுகிறது என்று நினைத்துத் தானும் இரண்டு தட்டுத் தட்டுவான். பாம்பு பார்க்க எந்த மாசம் தோது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்: ஐப்பசியில் தெரியும், ஆனால் மழைக்குப் பதுங்கும், கார்த்திகையில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு இடத்தில் நிற்காது, மார்கழியில்தான் காலை வெயிலுக்கு வரப்பிலும் மதிற்சுவரிலும் நீட்டிப் படுத்துக் கிடக்கும், எண்ணி மாளாது, தையில் ஜோடி சேரும், அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தார்கள். "பாம்பு பார்க்கிறவங்கல்லாம் எறங்கு, ஆலை ஸ்டாப்பிங்" என்று கண்டக்டர் கத்தினான்.

கொல்வது மட்டும் கிடையாது. பாவம் என்பதற்காக இல்லை. எந்த வீட்டு ஆள் பாம்பை அடிக்கிறானோ, அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு அப்புறம் எந்த மாசத்திலும் உயிருள்ள பாம்பு தெரியாது. செத்தது மட்டும் எல்லோருக்கும் எல்லா மாசமும் தெரியும். மூன்றாம் வரிசையில் கலியமூர்த்தி மேஸ்திரி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிவிரியனை அடித்தார், அன்றிலிருந்து ஐப்பசி வந்து ஊரெல்லாம் கைதட்டலை நிறுத்தினாலும் அந்த வீட்டிலிருந்து மட்டும் சத்தம் ஓயாது, மேஸ்திரி மனைவி மார்கழி வெயிலிலும் நாலு தட்டு தட்டி ஒரு துணி என்று காயப்போடுவாள், அவளுடைய உள்ளங்கைகள் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

அந்த ஊருக்குத்தான் ஜெசிந்தா ஆவணி மாதம் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். கடலோரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். புருஷன் சூசைராஜ் ஆலையின் எடைமேடையில் வேலை, கரும்பு லாரி நிறையோடு ஏறும்போது ஒரு எடை, வெறும் லாரியாக இறங்கும்போது ஒரு எடை, இரண்டையும் எழுதிக் கழித்துச் சொல்கிறவன். ஆனி மாதம் வேலைக்குச் சேர்ந்தபோது, "ஒரு வீடு சும்மாத்தான் கிடக்குது, பிடிச்சுக்கோ" என்றார்கள், பிடித்துக்கொண்டான். வெளியூர்க்காரன், தெரியாத மாசத்தில் அங்கே யாரும் வீடு புகமாட்டார்கள் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம், சொன்னபோது சாவி அவன் சட்டைப்பைக்குப் போய்விட்டிருந்தது.

பக்கத்து வீட்டு தனபாக்கியம், கொதிகலன் ஆளின் பெண்டாட்டி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யாராவது தெரியாத மாசத்துல வீடு புகுவாங்களா தங்கச்சி? கண்ணைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு பார்த்த மாதிரியில்ல இருக்குது."

"உள்ள என்னக்கா இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? போன தையில மூணு இருந்துச்சு. அதுக்கப்புறம் எது வந்துச்சு எது போச்சுன்னு யாரு கண்டா. ஐப்பசி வரைக்கும் தட்டிக்கிட்டே இரு. பிள்ளையை மட்டும் தரையில போட்டுடாத. தூளி கட்டி உசரப் போடு, ஒண்ணும் வராது."

ஜெசிந்தா தன் பழைய நீலச் சேலையை உத்திரத்துக் கொக்கியில் கயிறு போட்டுத் தூளியாகக் கட்டினாள். குழந்தைக்கு ரோஸ்லின் என்று பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், அதற்காக முதுகில் போட்ட ஊசியின் மரப்பு எல்லோருக்கும் போல ஒரே நாளில் போய்விடும் என்று சொன்னார்கள், அவளுக்குப் போகவில்லை. கால் நடந்தது, கை வேலை செய்தது, மார்பு பால் கொடுத்தது, ஆனால் உள்ளங்கையில் சூடு சுரணை ஒன்றும் ஏறவில்லை. பயமும் அதே ஊசியில் மரத்துப்போயிருக்க வேண்டும். ராத்திரி குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்துத் தரம் எழுந்து பார்ப்பாள், பயந்து பார்ப்பதில்லை, பால்காரனுக்குப் பாத்திரம் எடுத்து வைக்கிற மாதிரி பார்ப்பாள்.

புரட்டாசியில் நாலாம் வரிசையில் கோணி தைக்கிற பெண் ஒருத்தி பாத்திரம் கழுவி எழுந்தவள் குதிகாலில் இரண்டு பொட்டு ரத்தத்தைக் காட்டினாள், விளக்கு வைப்பதற்குள் செத்துப்போனாள். என்ன கடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அழுதார்கள், தூக்கினார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜெசிந்தாவும் போய் நின்றாள். அழுகை வரவில்லை. அதே வாரம் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா குழந்தையை எடை போட்டுவிட்டு, "வயசுக்குக் கொஞ்சம் கம்மியாத்தாம்மா இருக்கா" என்றாள்.

"தூளியில கனமா இருக்காளே சிஸ்டர்."

"தூங்குற பிள்ளை கனமாத்தான் தெரியும்," என்று நர்ஸம்மா சிரித்தாள்.

ஐப்பசி நாலாம் தேதி மழை விழுந்தது. ஐந்தாம் தேதி காலையில் ஊர் கைதட்டுவதை நிறுத்தியது, அந்த அமைதியில் மேஸ்திரி வீட்டுக் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. ஆலை வாட்ச்மேன் பொன்னுரங்கம் சாக்குக்கட்டியோடு வீடு வீடாக வந்தார். வருஷா வருஷம் அது அவர் வேலை. சாரைக்கு ஒரு நேர்கோடு, நல்லதுக்கு ஒரு வளைவு, விரியன் வகைக்குப் பெருக்கல் குறி, கதவில் போட்டுவிட்டுப் போவார். பாம்படித்த வீட்டுக்கு வட்டம். "எங்க வீட்டுல மூணு", "எங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணுதான், புண்ணியம்" என்று பெண்கள் வாசலுக்கு வாசல் கத்திப் பேசிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா வீட்டில் அடுப்படி சுத்தம். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சாரை. பொன்னுரங்கம் கோடு போட்டார். "குளிக்கிற இடத்துல ஒண்ணுமில்ல. அலமாரி கீழ ஒண்ணுமில்ல. பரவாயில்லம்மா, நல்ல வீடு." அப்போது தனபாக்கியம் தூளியை விலக்கிக் குழந்தையைக் கொஞ்சக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள்.

"தங்கச்சி. அசையாத."

"நான் எங்கக்கா அசையறேன்," என்றாள் ஜெசிந்தா.

நீலச் சேலையின் அடியில், குழந்தையின் கால்மாட்டில், கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கட்டுவிரியன் ஒன்று தலையை உடம்புக்குள் புதைத்துச் சுருண்டு படுத்திருந்தது. ரோஸ்லினின் வலது பாதம் அதன்மேல் இருந்தது. அது படுத்துப் படுத்து அந்த இடத்தில் துணி ஒரு கிண்ணம்போலக் குழிந்து, நூல் தேய்ந்து வெளுத்திருந்தது. ஒரு நாளில் தேய்கிற தேய்ப்பில்லை.

பொன்னுரங்கம் மெதுவாகச் சொன்னார். "பகல்ல அதுக்குத் தூக்கம்மா. சூட்டுக்கு வந்து படுத்திருக்குது. பிள்ளையை அப்படியே மேலாக்கத் தூக்கு."

ஜெசிந்தா தூக்கினாள். பாதம் விலகியதும் பாம்பு கொஞ்சம் இறுக்கிச் சுருண்டுகொண்டது, போர்வையை உருவினால் குழந்தை செய்கிற மாதிரி. ஜெசிந்தாவுக்கு அலற வேண்டும் என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. கதவில் பெருக்கல் குறி விழுந்தது.

பொன்னுரங்கம் அதைக் கோணியில் வாங்கிக் கொண்டுபோய்க் கரும்புக் கொல்லையில் விட்டார். மறுநாள் பத்து மணிக்கு அது தூளியில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டார், இரண்டு நாள் கழித்து வந்தது. தூளியைத் தனபாக்கியம் வீட்டில் கட்டினார்கள், அங்கேயும் வந்தது. "நான் உன்னையும் உம் பிள்ளையையும்தான் கூப்பிட்டேன், உங்க வீட்டு விருந்தாளியைக் கூப்பிடலடி" என்று தனபாக்கியம் தூளியை அவிழ்த்துக் கையில் கொடுத்தாள். ஜெசிந்தா பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். பாம்பு வரவில்லை, ஆனால் குழந்தை தூங்கவில்லை. மூன்று நாள், இரவும் பகலும், தொண்டை கட்டிப்போகிறவரை கத்தியது, அண்ணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "உங்க ஊர்ல பிள்ளைக்கு என்னத்தக் குடுத்துப் பழக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். நாலாம் நாள் திரும்பி வந்து தூளியில் போட்டதும் ரோஸ்லின் வலது காலை நீட்டித் துழாவினாள், பத்து மணிக்கு அது வந்தது, குழந்தை தூங்கியது.

"அடிச்சிடறேன்," என்றான் சூசைராஜ். "கண்ணு தெரியலன்னா தெரியாமப் போகட்டும். எனக்கு எம் பிள்ளைதான் முக்கியம்."

"அடிச்சா இது ஒண்ணு போகும். அப்புறம் வர்றது எதுவும் தெரியாது. உங்களுக்கு, எனக்கு, அவளுக்கு. அவ நடக்கப்போறவ."

"மாதா சுரூபத்துல பாரு. பாம்பைக் காலால மிதிச்சு நசுக்கல?"

ஜெசிந்தா யோசித்தாள். பள்ளிக்கூடக் கோயிலில் அந்தச் சுரூபத்துக்கு நேர் எதிரில்தான் அவளுக்கு முழங்காலிட இடம். எட்டு வருஷம் தினமும் காலையில் மாதாவின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததற்காக சிஸ்டர் ஜெர்த்ரூது அவளைக் கண்டித்திருக்கிறார். பாதத்துக்குக் கீழே வாயைத் திறந்தபடி ஒரு பாம்பு, ஒரு கண்ணில் வர்ணம் போய்விட்டிருந்தது.

"மிதிச்சுக்கிட்டு நிக்கிறாங்க," என்றாள். "கொல்லலையே. காலை எடுக்கல, அவ்வளவுதான்."

சூசைராஜ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

கார்த்திகையும் மார்கழியும் ஜெசிந்தா அதைப் பார்த்தபடியே கழித்தாள். ஊரார் தெரிகிற மாசத்தில் செய்வதும் அதுதான், தங்கள் வீட்டுப் பாம்பு எங்கே படுக்கும், எந்த வழியாக வரும், எதற்கு முறைக்கும் என்று நாலு மாசம் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டு எட்டு மாசம் அதை வைத்து ஓட்டுவது. அவளுடையது காலை பத்து மணிக்கு, குழந்தை பால் குடித்துக் கண் செருகியதும், கழிவுத் தண்ணீர் போகிற ஜலதாரை ஓட்டை வழியாக வரும், சுவர் ஓரமாகவே போகும், கதவு நிலையைப் பிடித்து ஏறி உத்திரத்து வழியாகத் தூளிக் கயிற்றில் இறங்கும். பொழுது சாய்ந்து ஆலைச் சங்கு ஊதினால் அதே வழியாக வெளியே போகும். குழந்தை புரண்டால் தானும் புரளும். இதையெல்லாம் அவள் சூசைராஜிடம் சொல்வாள், வேறு பேச என்ன இருந்தது, அவனும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொள்வான். மார்கழி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் தூளி பார்க்க வரிசையில் நின்றார்கள். "ஒருத்தர் ஒருத்தரா வாங்க, மூச்சை வெளிய விட்டுட்டு வாங்க, போட்டோ எடுக்கறவங்க செருப்பை மாட்டிக்கிட்டு எடுங்க" என்று தனபாக்கியம் வாசலில் நின்று அதட்டினாள். ஒரு அம்மாள் கிலுகிலுப்பை ஒன்றைத் தூளியில் கட்டிவிட்டுப் போனாள், குழந்தைக்கா பாம்புக்கா என்று சொல்லவில்லை.

தை முடியப் பத்து நாள் இருக்கும்போது ஜெசிந்தா தூளிக்குள் கையை விட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். தெரியாத மாசத்தில் கையால் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். வளையம் தெரிந்தது, விரல் அதன்மேல் இருப்பது தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. மரத்த கை எதையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் புருஷனிடம், "உங்ககிட்ட அந்தக் கொக்கித் தராசு இருக்குமே, கரும்புக் கட்டு நிறுக்கிறது," என்றாள். "வட்டமா முகம் வச்சது. அதுல ஒண்ணு வேணும்."

உத்திரத்துக் கொக்கியில் தராசையும் தராசின் கொக்கியில் தூளியையும் மாட்டினார்கள். துணியின் எடையைக் கழித்து முள்ளைச் சூசைராஜ் சைபரில் நிறுத்தினான், அது அவனுக்குக் கைவந்த வேலை. குழந்தையைப் போட்டதும் முள் ஏழு கிலோவில் நின்றது. பத்து மணிக்குக் கயிற்றில் கறுப்பு இறங்கியது, முள் ஏழைத் தாண்டி நானூறு கிராம் நகர்ந்து நின்றது.

மாசி ஒன்றாம் தேதி ஊர் கைதட்டத் தொடங்கியது. பத்து மணிக்குக் கயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை, முள் மட்டும் நானூறு நகர்ந்தது. சங்கு ஊதியதும் நானூறு இறங்கியது. ஜெசிந்தா குழம்பு தாளிக்கும்போதும் துணி அலசும்போதும் ஒரு கண்ணை அந்த முள்ளில் வைத்திருந்தாள். முள் நானூறு ஏறியிருந்தால் அது தூளியில் இருக்கிறது, தூளியில் இருந்தால் வேறெங்கும் இல்லை, அவள் கைதட்டாமல் வீட்டுக்குள் நடந்தாள். தெரியாத மாசத்தில் கைதட்டாமல் நடக்கிற ஒரே வீடு அது என்று ஊர் பேசிக்கொண்டது. பத்து நாளில் வரிசைக்கு நாலு வீட்டில் தராசு தொங்கியது, தூளியில், அரிசிச் சாக்கில், கொடியில் தொங்கிய தலையணையில்கூட. "என்னா கனம் இன்னிக்கு?" என்று பெண்கள் குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். "ஒண்ணே கால். ஏதோ முழுங்கிட்டு வந்திருக்குது."

பங்குனி இரண்டாம் ஞாயிறு, சங்கு ஊதி முள் இறங்கியது. ஜெசிந்தா விளக்குப் போட்டாள். வெளியே ஜலதாரைப் பக்கம் இரும்பு கல்லில் மோதுகிற சத்தம் நாலைந்து தரம் கேட்டது. பிறகு சூசைராஜ் கூப்பிட்டான்.

அவன் காலடியில் ஈரத் தரையில் கட்டுவிரியன் கிடந்தது, கறுப்பும் வெள்ளை வளையமுமாக, பங்குனி மாதத்தில், பளிச்சென்று தெரிந்தது. அவன் கையில் கடப்பாரை. முள் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான், சுவர் ஓரமாகவே போகும் என்று அவள் சொன்னதை வைத்து, அந்த ஓட்டையின் ஓரத்திலேயே குத்தியிருக்கிறான்.

"இனிமே நிம்மதியாத் தூங்கு ஜெசி," என்றான். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். "அஞ்சு மாசமா நான் எடைமேடையில உக்காந்துக்கிட்டு வீட்டைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியும். அவன்மேல் கோபம் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. பொன்னுரங்கம் வந்து செத்ததைக் குச்சியால் புரட்டினார்.

"பொட்டை," என்றார். "வயிறு ஒட்டிக் கிடக்குது பாரு. முட்டை விட்டுட்டுத்தான் இருக்குது." கதவிலிருந்த குறிகளைத் துண்டால் துடைத்துவிட்டு ஒரு வட்டம் போட்டார்.

ரோஸ்லின் மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் தூங்கினாள். ஜெசிந்தா கைதட்டப் பழகிக்கொண்டாள், மேஸ்திரி மனைவி வந்து விளக்கெண்ணெய் கொடுத்து, "ராத்திரிக்கு உள்ளங்கையில தடவு, இல்லன்னா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு, தட்டிக்கொண்டே போனாள். இனி எந்த ஐப்பசியும் அவர்களுக்குக் கிடையாது. அதற்கப்புறம் முள் குழந்தையின் எடையை மட்டும் காட்டியது, ஏழரை, ஏழே முக்கால், எட்டு. தராசைக் கழற்றிவிடலாம் என்று சூசைராஜ் சொன்னான். இருக்கட்டும் என்றாள்.

சித்திரைக் கடைசியில் அரவை முடிந்தது. ஆலை நின்றது, சங்கு நின்றது, ஊர் கைதட்டலைத் தவிர வேறு சத்தமில்லாமல் வெயிலில் கிடந்தது. அன்று காலை ஜெசிந்தா குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முள் எட்டில் இருந்தது. பத்து மணிக்கு அது எட்டைத் தாண்டி ஐம்பது கிராம் நகர்ந்தது.

கீரைக் காம்பு கையிலேயே நின்றது. குழந்தை புரண்டிருக்கும் என்று நினைத்தாள். புரண்டால் முள் ஆடும், ஆடி நிற்கும், நகராது. அது நின்றது. பிறகு இன்னொரு ஐம்பது நகர்ந்தது. நின்றது. இன்னொரு ஐம்பது. படி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, முள் நூற்றைம்பதுக்கு வந்தது, இருநூறுக்கு வந்தது, தூளிக் கயிற்றில் ஒன்றுமே தெரியவில்லை, நீலச் சேலையின் அடியில் ஒரு சுருக்கம் மட்டும் விழுந்து விழுந்து நிமிர்ந்தது, முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு. எட்டுத் தரம். எட்டாவது படியில் முள் நின்றது. ரோஸ்லின் தூக்கத்திலேயே வலது காலை நீட்டித் துழாவி, சிரித்தாள்.

ஜெசிந்தா எழுந்தாள். கைதட்டவில்லை. தட்டினால் எட்டும் விழித்துக்கொள்ளும், குழந்தையின் கால் அவற்றுக்கு நடுவில் இருந்தது. தூளிக்குள் இரண்டு கைகளையும் விட்டாள், குழந்தையின் முதுகுக்கும் துணிக்கும் இடையில் உள்ளங்கைகளை மெல்ல மெல்ல நுழைத்தாள், அங்கே ஏதோ ஒன்று விரலிடுக்கில் வழுக்கி விலகியது, அது சில்லென்று இருந்தது. சில்லென்று. மரத்த காலை உதறினால் ஊசி ஊசியாக ரத்தம் ஏறுமே, அதுபோல அவள் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து தோளுக்கும் ஒரு குத்தல் ஏறியது, அடிவயிற்றுத் தழும்புவரை போனது. ஒரு வருஷமாக வராத பயம் ஒன்றாக வந்து சேர்ந்தது. பயந்துகொண்டே தூக்கினாள். முள் எட்டரையை ஒட்டிய இடத்திலிருந்து சரசரவென்று இறங்கி நானூறில் நின்றது.

குழந்தை தோளில். தூளி காலி. முள் நானூறில்.

சூட்டை எடுத்துவிட்டாள், இனி அவை சூட்டைத் தேடி வரும். ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மற்றொரு கையால் தூளியை ஆட்டத் தொடங்கினாள். குழந்தைக்குப் பாடுகிறதையே வாய்க்குள் பாடினாள். ஆட்ட ஆட்ட முள் நானூறைச் சுற்றியே அசைந்தது, குறையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் வாசற்படியிலிருந்து அடுப்படிவரை வந்துவிட்டது, வியர்வையில் அவள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்துக்கு சூசைராஜ் கைதட்டிக்கொண்டே தெருவில் வருகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்றான்.

"காலித் தூளியை எதுக்கு ஆட்டுற ஜெசி?"

அவள் முகவாயால் முள்ளைக் காட்டினாள். எடைமேடைக்காரனுக்கு ஒரு பார்வை போதும். அவன் முகம் வெளுத்துப்போனது.

"தட்டாதீங்க," என்றாள் ரகசியமாக. "உள்ள வராதீங்க. இப்பதான் தூங்குதுங்க."

"எத்தனை?"

"எட்டு."

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீ மெதுவா வெளிய வந்துடு. ஆட்டுறதை விட்டுட்டு வா. நான் இங்க நிக்கிறேன், வா."

அவள் கையை எடுத்தாள். தூளி தானாக ஆடி, குறைந்து, நிற்கப்போனது. ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்போது பேச்சுச் சத்தத்தில் ரோஸ்லின் விழித்துக்கொண்டாள். தோளிலிருந்து தலையைத் தூக்கி அப்பனைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் செய்யக் கண்டதைத் தானும் முதல்முதலாகச் செய்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டினாள்.

முள் நடுங்கியது. முந்நூற்றைம்பதில் நின்றது. பிறகு முந்நூறில்.

"எந்தப் பக்கம் இறங்குது?" என்றான் சூசைராஜ். "ஜெசி, எந்தப் பக்கம்?"

அவள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். சிமெண்டுத் தரை பெருக்கித் துடைத்துப் பளபளவென்று, ஒன்றுமே இல்லாமல், கதவுவரை நீண்டு கிடந்தது.

"தெரியாதுங்க," என்றாள்.

குழந்தை சிரித்துக்கொண்டு மறுபடியும் தட்டினாள்.